வைரவநாதர் காத்த சிறைவாசல்

முன்னொரு காலத்தில், மற்ற நாட்டு அரசர்கள் வேட்டை, சண்டை என்று அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு நாட்டு அரசருக்கு மட்டும் பாட்டுக் கட்டும் ஆசை பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் உத்தரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு பாட்டை முடிப்பார். முடித்த கையோடு சபையைக் கூட்டிப் பாடிக் காட்டுவார். பாட்டு நீளம். அவர் இழுக்கும் ராகம் அதைவிட நீளம். ஒருநாள் பின்வரிசையில் யாரோ தூங்கி விழுந்த சத்தம் அவர் காதில் கேட்டுவிட்டது. உடனே ஆணை பிறந்தது.

"நம் பாட்டின் நடுவே கொட்டாவி விடுகிறவன் எவனானாலும் சிறைக்குப் போவான். அடுத்த பாட்டை நாம் பாடி முடிக்கும்வரை அவனுக்கு விடுதலை இல்லை."

அன்றுமுதல் அரசர் வாயைத் திறந்தால் சபையோர் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சபையில் வைரவநாதர் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். சிறைக்கோட்டத்துக்கு அவர்தான் தலைவர். கனத்த உடம்பு, நரைத்த மீசை, பிசகாத நடத்தை. சபைக்கு ஒருநாள்கூடப் பிந்தி வந்ததில்லை. அரசரும் அவரை மதித்தார். ஆனால் மதிப்பு வேறு, பிரியம் வேறு அல்லவா? சிம்மாசனத்தின் முதற்படியில் ஒரு சின்ன மணை போட்டிருக்கும். அதில் அரசவை விகடனான எட்டியப்பன் உட்கார்ந்திருப்பான். அவன் ஏதாவது சொல்வான். அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டுக் குனிந்து அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு விழும்போதெல்லாம் வைரவநாதருக்குத் தம் நெஞ்சில் குத்து விழுந்தாற்போல இருக்கும்.

அவரும் முயன்று பார்க்காமல் இல்லை. வீட்டில் கண்ணாடி முன் நின்று வேடிக்கைப் பேச்சு ஒன்றைப் பழகினார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "வயித்துல ஏதும் பண்ணுதா? சுக்குக் கஷாயம் போடட்டுமா?" என்றாள். அதையும் பொருட்படுத்தாமல் மறுநாள் சபையில் சொன்னார். அரசர் முழுவதும் கேட்டார். பிறகு அக்கறையோடு, "அப்படியா? அப்புறம் என்ன ஆயிற்று?" என்றார். சபையில் யாரும் சிரிக்கவில்லை. எட்டியப்பன் மட்டும் அவரைக் காப்பாற்றுகிற மாதிரி மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் வைரவநாதரால் மன்னிக்கவே முடியவில்லை.

இப்படி இருக்கையில் அரசர் ஒரு புதுப் பாட்டுப் பாடினார். பக்கத்தில் மத்தளம் வாசித்தவன் மாசிலாமணி. எட்டியப்பனும் அவனும் ஒரே தெருவில் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். மாசிலாமணியின் மனைவி செங்கமலத்துக்கு அப்போது நிறைமாதம். அவளுக்கு இடுப்பு வலிக்கிறது, கால் கடுக்கிறது என்று அவன் சரியாகத் தூங்கியே வெகு நாளாகியிருந்தது. பாட்டின் நடுவில் அவனுக்குக் கொட்டாவி வந்தது. மத்தளத்தின் மேல் குனிந்து அதை மறைத்துக்கொண்டான். அரசர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. எட்டியப்பன் பார்த்துவிட்டுப் பதறி, "வாயை மூடு" என்று கண்ணால் சாடை காட்டினான். வைரவநாதருக்குத்தான் சபையில் எப்போதும் எட்டியப்பன்மேலேயே கண் ஆயிற்றே! சாடை போன திசையில் திரும்பிப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"அரசே, தங்கள் ஆணை மீறப்பட்டுவிட்டது."

மாசிலாமணியைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அரசருக்கோ அடுத்த பாட்டுக்கு முதல் அடிகூடக் கிடைக்கவில்லை.

சில நாளில் செங்கமலத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சேதியைச் சொல்ல எட்டியப்பன் ஓட்டமும் நடையுமாகச் சிறைவாசலுக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம் கற்கண்டு. வைரவநாதர் மேல்மாடத்து ஜன்னலிலிருந்து பார்த்தார். அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சபையில் அரசருக்கு அருகே உட்காருகிறவன் இங்கே தம் வாசலில் நிற்கிறான்! காவலன் வீரணனைக் கூப்பிட்டுக் காதில் சொல்லி அனுப்பினார்.

வீரணன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "கையில சாமானோட வர்றவங்களுக்கு உள்ள அனுமதி இல்லீங்க."

எட்டியப்பன் கற்கண்டைப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். வைரவநாதர் மறுபடி சொல்லி அனுப்பினார்.

"இரத்த சம்பந்தம் இருந்தாத்தான் பார்க்கலாமாம். நீங்க கைதிக்கு என்ன வேணும்?"

"சிநேகிதன்."

"அது இரத்தத்துல வராதுங்களே."

மறுநாள் எட்டியப்பன் செங்கமலத்தை அழைத்துக்கொண்டு வந்தான். பச்சை உடம்புக்காரி, வெயிலில் தள்ளாடி வந்தாள். இந்தமுறை வைரவநாதர் தாமே இறங்கி வாசலுக்கு வந்தார்.

"நான் அவரு பொஞ்சாதிங்க," என்றாள் செங்கமலம். "ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன் சாமி. அவரு வந்து காதுல பேரு சொல்லணும்னு புள்ளைக்கு இன்னும் பேருகூட வைக்கல."

"மனைவி தாலியால் வந்த உறவு அம்மா. இரத்த உறவு ஆகாது. விதி விதிதான்," என்றார் வைரவநாதர்.

செங்கமலத்தின் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. அதைப் பார்த்ததும் அவர் மனம் ஒரு நொடி கூசியது உண்மை. ஆனால் அதே நேரம் எட்டியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல் கிடைக்காமல் மூடிக்கொண்டான். எட்டியப்பனுக்கே சொல் கிடைக்கவில்லை! அந்தச் சந்தோஷத்தில் கூச்சமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவள் தோளில் துணிச்சுருளுக்குள் தூங்கிய குழந்தையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் சபையில் எட்டியப்பன் மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன எட்டியப்பா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு?" என்றார் அரசர்.

"அரசே, தங்கள் அரண்மனைக்குள் நான் நினைத்தபோதெல்லாம் வந்து போகிறேன். தங்கள் சிறைக்குள்தான் என்னால் நுழைய முடியவில்லை. திருடர்களுக்குக் கிடைக்கிற பாக்கியம் எனக்கு இல்லை."

அரசர் சிரித்தார். வைரவநாதர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "அரசே, சிறை என்றால் கட்டுப்பாடு வேண்டும். அடியேன் விதித்திருப்பவை சாதாரண விதிகள்தாம். கைதியைப் பார்க்க அவனுடைய இரத்த உறவுதான் வரலாம். கைதிக்கென்று எதையும் கொண்டு வரக்கூடாது. அவ்வளவே."

எட்டியப்பன் கைகட்டி நின்று பணிவாகக் கேட்டான். "ஐயா, வருகிறவர் நடக்க முடியாதவராக இருந்தால்?"

வைரவநாதர் யோசித்தார். மாசிலாமணிக்கு எங்கோ வெளியூரில் தள்ளாத வயதில் தகப்பனார் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். ஓகோ, கிழவரை வரவழைக்கப் பார்க்கிறான்! வரட்டுமே. கிழவர் பார்த்துவிட்டுப் போவார், இவன் வெளியே நிற்பான். அரசர் முன் இரக்கமுள்ளவராகத் தெரியவும் இது நல்ல சமயம்.

"அப்படிப்பட்டவர் ஊர்தியிலேயே உள்ளே வரலாம். நாம் கல்நெஞ்சர் அல்ல."

"பசி தாங்காதவராக இருந்தால்?"

"தம் சாப்பாட்டைத் தாமே கொண்டு வரலாம். கைதிக்கு மட்டும் ஒரு பருக்கை போகக்கூடாது."

"தங்கள் மனம் பெரிது ஐயா," என்று எட்டியப்பன் கும்பிட்டான்.

அரசருக்கு இந்த வழக்கு சுவையாக இருந்தது. பாட்டு வராத எரிச்சலுக்கு ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது. "எட்டியப்பா, கேள். நாளைக் காலை நீயே சிறைக்குள் போய் மாசிலாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். விதி ஒன்றையும் மீறக்கூடாது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் நீ தோற்றாய். உன் மணை வைரவநாதருக்குப் போகும். வென்றால், நீ கேட்டதைத் தருவோம்."

உன் மணை வைரவநாதருக்கு! அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மணையில் உட்கார்ந்தால் அரசரின் கை தம் தோளில் எங்கே விழும் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விடிந்ததும் சிறைவாசலில் ஊரே கூடிவிட்டது. அரசரும் பரிவாரத்தோடு வந்து பந்தலில் அமர்ந்தார். வைரவநாதர் வீரணனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "விதிப்படி கேட்டுத்தான் விட வேண்டும். நானே வந்தாலும் சரி, அந்த அரசரே வந்தாலும் சரி. பிசகினால் உன் தலை போகும்."

"தலை இருக்கும் எசமான். கவலைப்படாதீங்க," என்றான் வீரணன்.

கூட்டம் விலகியது. எட்டியப்பன் வந்தான். முதுகை வளைத்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தபடி மெல்ல மெல்ல நடந்து வந்தான். தோளிலும் இடுப்பிலும் சுற்றிக் கட்டிய சேலைத் துணியில், அவன் முதுகோடு ஒட்டிக் குழந்தை கிடந்தது. நெற்றியில் பொட்டு, கன்னத்தில் திருஷ்டி மை. பின்னால் செங்கமலம் தலை குனிந்து வந்தாள்.

"நில்லுங்க," என்றான் வீரணன். "யாரு கைதியைப் பார்க்க வந்தது?"

"மேலே இருக்கிறாரே, அவர்."

வீரணன் எட்டிப் பார்த்தான். "இவரு கைதிக்கு என்ன வேணும்?"

"மகள். இரத்த உறவில் சந்தேகம் இருந்தால் மூக்கைப் பாரும். மாசிலாமணியின் மூக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது."

வீரணன் மூக்கைப் பார்த்துத் திருப்தியானான். "அது சரி. நீங்க யாரு?"

"நான் யாருமில்லை. இவருக்கு இன்னும் நடக்க வரவில்லை. அதனால் ஊர்தியில் வந்திருக்கிறார். நான்தான் ஊர்தி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வைரவநாதர் பாய்ந்து வந்தார். "இதென்ன கூத்து! ஊர்தி பேசுமா?"

"பல்லக்கு கிறீச்சிடுவதில்லையா ஐயா? அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்."

"சரி, இந்தப் பெண் எதற்கு? அவளுக்கு அனுமதி கிடையாது. முந்தாநாளே சொன்னேன்!"

எட்டியப்பன் குனிந்தபடியே முகத்தை மட்டும் நிமிர்த்தினான். "ஐயா, வந்தவர் பசி தாங்க மாட்டார். தம் சாப்பாட்டைத் தாமே கொண்டு வந்திருக்கிறார்."

யார் ஏற்பாடு செய்தார்களோ, சரியாக அப்போது குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. ஊரே அதிர்கிற மாதிரி அழுதது. செங்கமலம் அதை வாங்கி முந்தானைக்குள் அணைத்துக்கொண்டாள். அழுகை நின்றது. சப்புகிற சத்தம் கேட்டது.

வீரணன் குழப்பத்தோடு தலைவரைப் பார்த்தான். "எசமான், சாப்பாடு உள்ள போகலாம்னுதானே சபையில சொல்லியிருக்கீங்க?"

வைரவநாதருக்கு மணை கையைவிட்டு நழுவுகிற மாதிரி இருந்தது. "பெயர்! பெயர் சொல்லாதவரை உள்ளே விடாதே! ஊர் பேர் தெரியாதவரைச் சிறைக்குள் விடுவதா?"

செங்கமலத்தின் முகம் வாடியது. "பேரு இன்னும் வைக்கலியே அண்ணே," என்றாள் எட்டியப்பனிடம்.

"நேற்று இந்த விதியைச் சொல்லவில்லையே," என்றார் அரசர் பந்தலிலிருந்து. "இருந்தாலும் பெயர் கேட்பது நியாயந்தான். என்ன சொல்கிறாய் எட்டியப்பா?"

"நான் சொல்லக்கூடாது அரசே. நான் ஊர்தி. வந்தவரையே கேட்கட்டும்."

வீரணன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து, முந்தானை ஓரமாக மரியாதையோடு கேட்டான். "உங்க பேரு என்னங்கம்மா?"

குழந்தை பாலை விட்டுவிட்டு அவன் மீசையை உற்றுப் பார்த்தது. "ங்கா," என்றது.

"பேரு ங்கா-ங்க எசமான்!" என்று கத்தினான் வீரணன். "நல்லாத் தெளிவாச் சொல்லிட்டாங்க!"

சிறைக்கதவு திறந்தது. எட்டியப்பன் குழந்தையை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டான். ஊர்தி முன்னே போக, சாப்பாடு பின்னே போயிற்று.

வாசலில் நின்றவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஓர் ஆண் விம்மி விம்மி அழுகிற சத்தம். பிறகு செங்கமலம் அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம். சற்று நேரத்தில் சுவரில் விரல்கள் தாளம் போடுகிற சத்தம். மத்தளம் இல்லாததால் மாசிலாமணி சிறைச்சுவரிலேயே மகளுக்குத் தாலாட்டு வாசித்துக்கொண்டிருந்தான். வைரவநாதருக்கு அது காதில் ஈயம் போல இறங்கியது. நான் கட்டிக் காக்கிற சிறைக்குள்ளேயும் எட்டியப்பனைச் சுற்றித்தான் சந்தோஷமா!

அரசருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்ன நடக்கிறது என்று பார்ப்போம்," என்று எழுந்து வாசலுக்கு வந்தார்.

ஈட்டி குறுக்கே வந்தது.

"மன்னிக்கணும் மகாராசா," என்றான் வீரணன். ஈட்டி நகரவில்லை. "நீங்க கைதிக்கு என்ன வேணும்? இரத்த சம்பந்தம் உண்டுங்களா?"

அரசர் முகம் சிவந்தது. மெல்லத் திரும்பி வைரவநாதரைப் பார்த்தார்.

வைரவநாதர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பழியை வீரணன்மேல் போட்டுவிடலாம். ஒரு சொல் போதும். அவன் தலை போய்விடும். ஆனால் காலையில் தாம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு, பாராட்டுக் கிடைக்கும் என்கிற முகத்தோடு தம்மையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த மனிதனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. சோர்ந்துபோய் உண்மையே வந்தது.

"அரசே, பிழை இவனுடையது அல்ல. எட்டியப்பன் ஒருவனைத் தடுக்கத்தான் இத்தனை விதியும் செய்தேன். இப்போது அவன்தான் உள்ளே இருக்கிறான். தாங்களும் நானும் வெளியே நிற்கிறோம்."

அரசர் அவரையே உற்றுப் பார்த்தார். உதடு துடித்தது. கன்னம் உப்பியது. பிறகு அணை உடைந்தது. அப்படி ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிறைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடம் நழுவ, அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையை வீசி வைரவநாதரின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வைரவநாதர் அப்படியே நின்றார். தோள் எரிந்தது. அவருக்கு இனித்தது.

எட்டியப்பன் முதுகை நிமிர்த்தியபடி வெளியே வந்தான். "பார்த்துவிட்டேன் அரசே. குழந்தைக்கு வடிவாம்பாள் என்று பெயர் வைத்தாயிற்று."

"வென்றாய். என்ன வேண்டும், கேள்."

"மாசிலாமணி வீட்டுக்குப் போக வேண்டும். இனிமேல் பாட்டின் நடுவே தூக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கே போய்த் தூங்க அனுமதி வேண்டும்."

"முதலாவது தந்தோம். இரண்டாவதற்கு நம் பாட்டைக் கேட்க ஆள் இருக்காதே!" என்று அரசர் மறுபடி சிரித்தார். "சரி, கொட்டாவிக்குச் சிறை இல்லை. போதுமா?" தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து எட்டியப்பனுக்குப் போர்த்தினார். முத்துமாலையைக் கழற்றிக் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னார். மாசிலாமணி மகளைக் கைமாற்றாமல் நெஞ்சோடு அணைத்தபடி தெருவில் இறங்கி நடந்தான். செங்கமலம் அவன் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் சபை கூடியது. புதுச் சால்வையோடு எட்டியப்பன் மணையில் உட்கார்ந்திருந்தான். அந்தச் சால்வையைப் பார்த்ததும் வைரவநாதருக்கு வயிறு எரிந்தது. வழக்கமான எரிச்சல்தான், ஒரே நாளில் போய்விடுமா? தம் இடத்தில் போய் வழக்கம்போல விறைப்பாக உட்கார்ந்தார்.

பக்கத்து நாட்டிலிருந்து தூதர் ஒருவர் வந்திருந்தார். அரசர் அவரிடம் நேற்றைய கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் சிரிப்பு வந்து தடுமாறினார். "வைரவநாதரே, நீர் சொல்லும். நீர் சொன்னால்தான் சரிப்படும். அந்தக் காவலன் என்னிடம் என்ன கேட்டான்?"

வைரவநாதர் எழுந்தார். மீசை துடிக்க, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், சிறைத்தலைவருக்குரிய கண்டிப்போடு நடந்ததை நடந்தபடி சொன்னார். தூதர் ஆசனத்திலிருந்து சரிந்தார். சபை ஆரவாரித்தது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை! அந்தச் சாப்பாடு வருகிற இடத்திலிருந்து சொல்லும்!" என்றார்.

அரசர் தோளைத் தட்டுவார் என்று பழக்கத்தில் சற்றே முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் எட்டியப்பன். அரசர் இவன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் முகத்தில் புன்னகை அப்படியேதான் இருந்தது. ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று சட்டென்று சுருங்கியது. சபையில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. வைரவநாதருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாத நோயா அது?

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாப்பாடு வருகிற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்தமுறை இன்னும் நிதானமாக, இழுத்து இழுத்துச் சொன்னார்.